கயிற்றால் தைத்த கப்பல்

கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக வளைகுடாவின் ஸீராஃப் துறைமுகத்தைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-ஹஸன் என்னும் அறிஞர், தம் காலத்தில் கேள்வியுற்ற ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். ரூமியர் கடல் எனப்பட்ட மத்திய தரைக்கடலில் உடைந்த கப்பல் ஒன்றின் பலகைகள் அலைகளால் ஒதுக்கப்பட்டுக் கிடைத்தன. கப்பல் உடைவதும் பலகை ஒதுங்குவதும் கடலோர மக்களுக்குப் புதுமையல்ல. ஆனால் அப்பலகைகளில் ஆணி அடித்த தடம் இல்லை. ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஷாம் தேசத்தாரும் ரூமியரும் தம் கப்பல்களை ஆணியடித்துக் கட்டுவோர். தைத்துக் கட்டுவோர் இந்தியப் பெருங்கடலில், குறிப்பாக ஸீராஃப் வட்டாரத்தில், இருப்போர். அப்படியானால் இந்தக் கப்பல் அங்கே எவ்வாறு சென்றது?

அபூ ஸைதின் விடை துணிச்சலானது. சீனக் கடல் துருக்கியர் நாடுகளைச் சுற்றிக் கஸர் கடல் வழியாக ரூமியர் கடலோடு கலக்கிறது. காற்றும் அலையும் அவ்வழியே உடைந்த கப்பலைக் கொண்டு சேர்த்தன என்று அவர் கருதினார். ஹிஜ்ரி 303இல் பஸ்ராவில் அவரைச் சந்தித்த அல்-மஸ்ஊதீயும் இதையொத்த செய்தியைத் தருகிறார். கிரீட் தீவின் அருகே, துளையிட்டுத் தென்னை நாரால் தைத்த தேக்குப் பலகைகள் கிடைத்தனவாம். கஸர் கடல் எந்தப் பெருங்கடலோடும் கலப்பதில்லை என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். எனவே அபூ ஸைதின் நிலவியல் பிழையானது. ஆயினும் அவர் கையாண்ட முறை பிழையன்று. எழுத்தில்லாத, ஆளில்லாத, பெயரில்லாத ஓர் உடைகப்பலின் பிறப்பிடத்தை அதன் தையலைக் கொண்டு அவர் தீர்மானித்தார். ஆயிரத்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர், ஜாவாக் கடலின் விளிம்பில் கண்டெடுக்கப்பட்ட மற்றோர் உடைகப்பலை அடையாளம் காண ஆய்வாளர்கள் பின்பற்றியதும் இதே முறைதான். அக்கப்பலைப் பற்றியே இங்கு விரிவாகக் காண விழைகிறோம்.

சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் இடையே பெலித்துங் என்னும் தீவு உள்ளது. அதன் மேற்கே காஸ்பர் நீரிணை. பாறைகளும் பவளத் திட்டுகளும் நிறைந்த அப்பகுதி மாலுமிகளுக்கு என்றும் ஆபத்தானது. 1998ஆம் ஆண்டு, அத்தீவின் கரைக்கு அப்பால் கடல் அட்டை எடுக்க மூழ்கிய உள்ளூர் மீனவர்கள், சுமார் 17 மீட்டர் ஆழத்தில் மேடு போலக் குவிந்து கிடந்த மட்பாண்டங்களைக் கண்டனர். (கடல் அட்டைக்கும் சீனச் சந்தைக்கும் உள்ள தொடர்பைக் கீழக்கரை, மண்டபம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.) அருகிலிருந்த பாறையின் பெயரால் அவ்விடம் பாத்து ஹித்தாம், அதாவது கரும்பாறை, எனப்பட்டது. இந்தோனேசிய அரசின் உரிமம் பெற்ற தனியார் மீட்பு நிறுவனம் ஒன்று 1998, 1999 ஆகிய இரு பருவங்களில் அங்கே பணி செய்தது. வெளிவந்த பொருள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 60,000.

சரக்கைக் கண்டவர்கள் முதலில் இதைச் சீனக் கப்பல் என்று கருதியிருந்தால் வியப்பில்லை. ஏறக்குறைய அனைத்தும் தாங் பேரரசுக் காலத்துச் சீனப் பொருள்கள். ஆனால் சரக்கின் அடியில் எஞ்சியிருந்த மரக்கலம் வேறு கதையைச் சொன்னது. சீனக் கப்பல்கள் இரும்பு ஆணிகளால் இணைக்கப்படுபவை. குறுக்குச் சுவர்களால் அறைகளாகப் பிரிக்கப்படுபவை. தென்கிழக்காசியக் கலங்களில் மர முளைகளும் பிடிப்புக் கட்டைகளும் உண்டு. இக்கலத்திலோ இவை எவையும் இல்லை. பலகைகள் விளிம்போடு விளிம்பாகப் பொருத்தப்பட்டு, உள்ளும் புறமும் கயிறு ஓட, தொடர்ச்சியாகத் தைக்கப்பட்டிருந்தன. இரண்டாம் பருவப் பணியை மேற்பார்வையிட்ட கடல்சார் தொல்லியலாளர் மைக்கேல் ஃப்ளெக்கர், இது அரபு அல்லது இந்திய மரபிற் கட்டப்பட்ட கப்பல் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். பின்னர் மர மாதிரிகள் மீண்டும் ஆராயப்பட்டன. பலகைகள் அஃப்ஸீலியா என்னும் ஆப்பிரிக்க மரத்தாலானவை என்றும், குறுக்கு உத்தரங்கள் தேக்கு என்றும் தெரிந்தது. ஆப்பிரிக்க மரமும் இந்தியத் தேக்கும் ஒரே பட்டறையில் வந்து சேரக்கூடிய இடம் அரபுக் கரையே, பெரும்பாலும் ஓமன் அல்லது யமன், என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

தைத்துக் கப்பல் கட்டுவது எப்படி என்பதைச் சிறிது விளக்குவோம். இரு பலகைகளின் விளிம்புகளை இழைத்து ஒன்றோடொன்று நெருங்கச் சேர்ப்பர். விளிம்பிலிருந்து சில விரற்கடை தள்ளி, நேருக்கு நேராகத் துளைகள் இடுவர். பொருத்தின் மேல் நார்த்திரி ஒன்றை நீளவாக்கில் வைத்து, அதை அழுத்தியவாறு துளைகளின் வழியே கயிற்றை இழுத்து இறுக்குவர். பின்பு துளைகள் அடைக்கப்படும். நம் தோணிக்காரர்கள் 'கலப்பத்து' எனும் வேலை இத்திரியாலேயே பாதி முடிந்துவிடுகிறது. வெளிப்புறத்தில் மீன் எண்ணெயும், நீருக்குள் இருக்கும் பகுதியில் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த சாந்தும் பூசப்படும். எலும்புக்கூடு போன்ற வங்குகளை முதலில் நிறுத்திப் பின் பலகை பொருத்தும் பிற்கால முறைக்கு இது நேர்மாறானது. இங்கே முதலில் தோல் தைக்கப்படுகிறது. பிறகே எலும்பு வைக்கப்படுகிறது.

இரும்பு கிடைக்காததால்தான் அரபியர் தைத்தனர் என்று சிலர் எழுதுவதுண்டு. மார்க்கோ போலோ ஹோர்முஸில் இக்கப்பல்களைக் கண்டு இகழ்ந்துரைத்தார். கடலடியில் காந்த மலை இருப்பதால் ஆணிகள் பிடுங்கப்பட்டுவிடும் என்ற பழங்கதையும் உண்டு. இவற்றைவிட இப்னு பதூதாவின் விளக்கம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அக்கடலில் பாறைகள் மிகுதி. ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த கலமோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்கிறார் அவர். இது உண்மை என்பதற்குச் சோழமண்டலக் கரையே சான்று. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளின் ஊடே கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவையும் கயிற்றால் தைக்கப்பட்டவையே. ஐரோப்பியரின் ஆணியடித்த படகுகள் அந்த அலைகளில் மோதி உடைந்தபோது, மசூலா வளைந்து நெளிந்து மணலில் ஏறி நின்றது. தென்னை நாருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'காயர்' என்ற சொல்லே நம் 'கயிறு' என்பதன் உறவுதான்.

கயிறும் கப்பலும் எங்கிருந்து வந்தன என்பதற்கும் அபூ ஸைதே சாட்சி. ஓமனின் தச்சர்கள் தென்னை மிகுந்த தீவுகளுக்குக் கருவிகளோடு செல்வர். மரத்தை வெட்டி உலர்த்திப் பலகையாக அறுப்பர். நாரைத் திரித்துக் கயிறாக்கி அப்பலகைகளைத் தைப்பர். பாய்மரமும் தென்னை; பாயும் தென்னோலை. கப்பல் முடிந்ததும் தேங்காயையே ஏற்றிக்கொண்டு ஓமனுக்குத் திரும்பி விற்பர். அவர் குறிப்பது லட்சத்தீவு, மாலத்தீவுக் கூட்டங்களையே என்று கொள்ளலாம். ஒரே மரத்திலிருந்து கப்பலும் சரக்கும்!

இவ்விடத்தில் ஒரு மனிதரைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. பெலித்துங் கப்பல் கண்டெடுக்கப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1980இல், டிம் செவரின் என்னும் பயணி, சிந்துபாத் கதைகளின் பின்னணியை ஆராயும் நோக்கில் ஓமனின் ஸூர் நகரில் 'ஸுஹார்' என்ற தைத்த கப்பலைக் கட்டுவித்தார். தையல் வேலையை முன்னின்று நடத்தியவர் மினிக்காய்த் தீவைச் சேர்ந்த அலி மணிக்ஃபான். மண்டபம் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். வேதாளையில் நெடுங்காலம் வாழ்ந்தவர். முறையான பள்ளிக் கல்வியின்றியே பல மொழிகளையும் பல துறைகளையும் கற்றவர். பிறைக் கணக்கு பற்றிய விவாதங்களால் தமிழ் முஸ்லிம்களுக்கு நன்கு அறிமுகமானவர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பிறைக் கணக்கில் அவரோடு உடன்படாதோரும் இக்கைத்திறனில் அவரை மறுக்க முடியாது. ஓர் ஆணியும் இன்றி அவரும் அவருடைய கூட்டத்தாரும் தைத்த கப்பல், 1980 நவம்பரில் ஓமனிலிருந்து புறப்பட்டு, 1981 ஜூலையில் சீனாவின் குவாங்சௌவை அடைந்தது. கடந்த தொலைவு சுமார் 6,000 மைல்.

அதுவரை, அரபுக் கப்பல்கள் சீனம் வரை சென்றன என்பதற்கு நூல்களே ஆதாரம். நூல்களை ஐயுறுவோர் இருந்தனர். இடைவழியில் சீனக் கப்பல்களுக்குச் சரக்கு மாற்றப்பட்டிருக்கலாம் என்றனர். அரபு நூல்களில் வரும் 'சீனக் கப்பல்' என்னும் தொடர் சீனர் கட்டிய கப்பலையா, சீனம் செல்லும் கப்பலையா குறிக்கிறது என்பதும் நீண்ட விவாதம். ஸுஹார் ஒரு சாத்தியத்தை மெய்ப்பித்தது. ஆயினும் செய்ய முடியும் என்பது வேறு, செய்தார்கள் என்பது வேறு. அந்த இடைவெளியை நிரப்பியது பெலித்துங். சீனச் சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பிய 9ஆம் நூற்றாண்டு அரபு மரபுக் கலம் ஒன்று அங்கே முதன்முறையாகக் கண்ணெதிரே கிடைத்தது.

காலத்தை எவ்வாறு அறிந்தனர்? கிண்ணம் ஒன்று அதைச் சொல்லிற்று. சூளையில் இடுவதற்கு முன் அதன் வெளிப்புறத்தில் குயவர் ஒருவர் தேதியைக் கீறியிருந்தார். பாவோலி ஆட்சியின் இரண்டாம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினாறாம் நாள். அது கி.பி. 826, ஹிஜ்ரி 211. பக்தாதில் கலீஃபா மஃமூனின் ஆட்சி நடந்த காலம். அறிவுக் கருவூலமாகிய பைத்துல் ஹிக்மாவின் பெயரோடு நாம் நினைவுகூரும் அதே ஆண்டுகளில், அந்நகரத்தாரும் பஸ்ராவாசிகளும் உணவுண்ணும் கிண்ணங்கள் ஜாவாக் கடலில் வந்துகொண்டிருந்தன.

சரக்கில் 55,000க்கு மேற்பட்டவை சீனத்தின் ஹூனான் பகுதியிலுள்ள சாங்ஷா சூளைகளில் உருவானவை. பெரும்பாலும் சிறு கிண்ணங்கள். எவரும் அரண்மனைக்கென்று செய்யாத, சந்தைக்கென்றே ஆயிரக்கணக்கில் செய்த பண்டங்கள். அவற்றை அடுக்கிய விதம் வியப்பளிக்கிறது. குவாங்டாங் பகுதியில் செய்த பெரிய சாடிகளுக்குள், சுருள் சுருளாக, நூற்றுக்கும் மேற்பட்ட கிண்ணங்கள் நெருங்க வைக்கப்பட்டிருந்தன. சாடிகள் புதையுண்டு பாதுகாத்ததால் பல கிண்ணங்களின் வண்ணம் இன்றும் புதிதாகவே உள்ளது. கிண்ணங்களின் உட்புறத்தில் பறவை, மீன், மலர், மேகம், சீனக் கவிதை வரிகள். பௌத்தச் சின்னங்கள் சிலவற்றில் உண்டு. சிலவற்றில் அரபு எழுத்தைப் பார்த்து எழுத முயன்றது போன்ற கோடுகள். அவற்றுள் இறைவனின் பெயரைப் படிப்போரும் உளர். எழுத்தறியாத சீனக் கைவினைஞர் ஒருவர், வாங்குவோரின் எழுத்து இப்படித்தான் இருக்கும் என்று தூரிகையை ஓட்டினார் என்று மட்டும் கொள்வதே நேர்மை என்பது நம் கருத்து. வாங்குவோர் யார் என்பதைக் குயவர் அறிந்திருந்தார். அதுவே பெரிய செய்தி.

இதைவிட நுட்பமான ஒரு சான்று மூன்று வெள்ளைத் தட்டுகளில் உள்ளது. ஹெனான் பகுதியின் கோங்சியன் சூளைகளில் செய்த அவற்றில் நீல வண்ணத்தால் ஒரு சாய்சதுரமும் அதைச் சூழ்ந்த இலைகளும் தீட்டப்பட்டுள்ளன. முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய சீன நீல–வெள்ளைப் பீங்கான்கள் இவையே. நாம் எதை 'சீனப் பீங்கான்' என்று எண்ணுகிறோமோ அந்த நீலமும் வெள்ளையும் இணைந்த தோற்றத்தின் தொடக்கம் இங்கே. ஆனால் அந்தச் சாய்சதுர ஓவியம் சீனருடையதன்று. ஈராக்கின் குயவர்கள் கையாண்டது. பஸ்ராவில் பீங்கான் மண் இல்லை. சீன வெண்கலங்களின் அழகில் மயங்கிய அவ்வூர்க் குயவர்கள், சாதாரண மண்மீது வெள்ளீயம் கலந்த வெண்பூச்சைப் பூசி அவற்றைப் போலச் செய்தனர். அதன்மீது கோபால்ட் நீலத்தால் தம் சொந்த ஓவியத்தை வரைந்தனர். சீனக் குயவர்கள் அந்தப் போலியைக் கண்டு, அதன் நீலத்தையும் ஓவியத்தையும் தம் அசல் பீங்கானுக்கு எடுத்துக்கொண்டனர். யார் யாரைப் பின்பற்றினர் என்று வழக்காடுவோர்க்கு இத்தட்டுகள் தரும் விடை சங்கடமானது.

எளிய கிண்ணங்களுக்கிடையே அரசவைக்குரிய பொருள்களும் இருந்தன. இசைவாணர் உருவங்கள் பொறித்த எண்கோணத் தங்கக் கிண்ணம் ஒன்று. தாங் காலத்துத் தங்கக் கிண்ணங்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பெரியது இதுவே. வெள்ளிக் கட்டிகள், வெள்ளிப் பேழைகள், 29 வெண்கலக் கண்ணாடிகள் ஆகியவையும் கிடைத்தன. கண்ணாடிகளுள் ஒன்றில் கி.பி. 758ஐச் சுட்டும் வாசகம் உள்ளது. கப்பல் புறப்பட்டபோதே அது ஏறத்தாழ எழுபதாண்டுப் பழம்பொருள். பச்சை வண்ணம் தெளித்த பாண்டமொன்றில் 'காணிக்கையாகச் செலுத்தப்பட்டது' என்னும் பொருள்தரும் சீனச் சொல் உள்ளது. வணிகச் சரக்கோடு அரசருக்கான அன்பளிப்பும் சென்றதா? அல்லது சீன அரண்மனையிலிருந்து கைமாறிய பொருளா? இங்குதான் இக்கப்பலின் மர்மங்கள் தொடங்குகின்றன.

முதல் மர்மம், எங்கிருந்து புறப்பட்டது என்பது. சாங்ஷாவின் கிண்ணங்களும் வடக்குச் சூளைகளின் வெண்கலங்களும் யாங்சே ஆற்றின் வழியே யாங்சௌ நகருக்கு எளிதில் வந்து சேர்ந்திருக்கும். அங்கே அரபு, பாரசீக வணிகர் வாழ்ந்தனர். 758ஆம் ஆண்டுக் கண்ணாடியும் யாங்சௌவில் வார்த்ததே. ஆனால் கிண்ணங்களை அடைத்த சாடிகள் தெற்கே குவாங்டாங்கில் செய்தவை. எனவே கப்பல் குவாங்சௌவில்தான் ஏற்றப்பட்டது. வடக்கின் சரக்குகள் உள்நாட்டுக் கலங்களில் அங்கே வந்தன என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. அரபியர் கான்ஃபூ என அழைத்தது இந்நகரையே. கி.பி. 851இல் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் நூல் அந்நகரை விவரிக்கிறது. அங்கு வந்து தங்கும் முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்கச் சீன அரசே ஒரு முஸ்லிமை நியமித்திருந்தது; பெருநாள்களில் அவரே தொழுகை நடத்திக் குத்பா ஓதினார். அங்கே சரக்குத் தட்டுப்பாடு ஏன் நேர்கிறது என்பதற்கு அந்நூல் கூறும் காரணங்களுள், நகரத்தில் மூளும் தீ, கடற்கொள்ளை ஆகியவற்றோடு கப்பல் உடைவதும் ஒன்று.

இரண்டாம் மர்மம் வழி. சீனத்திலிருந்து வளைகுடாவுக்குத் திரும்பும் கப்பல், தியோமன் தீவைக் கண்டு மலாக்கா நீரிணைக்குள் மேற்கே திரும்ப வேண்டும். பெலித்துங் அவ்வழியிலிருந்து வெகுதூரம் தெற்கே உள்ளது. புயல் தள்ளியதா? அன்று அப்பகுதிக் கடல்களை ஆண்ட ஸ்ரீவிஜயத்தின் துறைகளுக்கோ ஜாவாவுக்கோ செல்ல அதுவே வழி. நறுமணப் பொருள்களை ஏற்றிக்கொள்ளவோ, தங்கக் கிண்ணத்தை ஓர் அரசவையில் சேர்க்கவோ அது திட்டமிட்டே தெற்கே வந்திருக்கலாம் என்போர் பலர். வேறு சிலர், சரக்கேற்றி முடித்த கப்பல் இடையில் வேறொருவர் கைக்கு மாறி ஜாவாவுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம் என்கின்றனர். அடிப்பாரமாகவும் விற்பனைக்காகவும் ஏற்றிய காரீயக் கட்டிகள் மட்டுமே சுமார் பத்து டன். அவ்வளவு கனத்தோடு பவளத் திட்டில் மோதிய சுமார் 18 மீட்டர்க் கலம், தையல் எவ்வளவு நெகிழ்ந்து கொடுத்தாலும் தப்பியிருக்க முடியாது.

மூன்றாவது மர்மம் மனிதர். கலத்தில் இருந்தவர்கள் யார்? மைக்கல், தராசு எடைகள், பகடை, அம்மி போன்ற அரைகல், வளைகுடா நாட்டுக் கண்ணாடிக் குப்பி, அன்னாசிப்பூ நிறைந்த சாடி. அரைகல் தென்கிழக்காசிய வகை, மைக்கல் சீனம். சமையற்காரர் மலாய்த் தீவினராகவும் கணக்கர் சீனராகவும் இருந்திருக்கலாம் என்று ஊகிப்பது எளிது. ஆனால் பண்டம் கைமாறும். பண்டத்தைக் கொண்டு மனிதரின் இனத்தை எழுதிவிட முடியாது. இதை 'முஸ்லிம்களின் கப்பல்' என்று பெருமிதத்தோடு எழுதும் கட்டுரைகள் தமிழிலும் வந்துள்ளன. கப்பல் கட்டும் மரபு அரபுக் கரையுடையது என்பது உறுதி; சந்தை அப்பாஸியருடையது என்பது மிகவும் நம்பத்தக்கது. கலத்தின் உரிமையாளர் முஸ்லிமா, மஜூஸியா, யூதரா என்பதற்குச் சரக்கில் சாட்சியில்லை. சாட்சியில்லாத இடத்தில் பெருமை பேசுவது அபூ ஸைதின் மரபுக்கு நாம் செய்யும் நன்றியாகாது.

அக்காலத்து வணிகம் எத்துணை கலப்பானது என்பதற்கு நம் அண்டையிலேயே சான்றிருக்கிறது. 'அக்பார்' நூல் மஸ்கத்திலிருந்து ஒரு மாதப் பயணத்தில் அடையும் துறையாகக் குறிப்பிடும் 'கூலம் மலை' நம் கொல்லமே. அக்கொல்லத்தில், அந்நூல் தொகுக்கப்படுவதற்கு இரண்டாண்டு முன், கி.பி. 849இல், தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோயிலுக்கு வழங்கிய செப்பேடுகள் இன்றும் உள்ளன. வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தின் இறுதி ஏட்டில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். சிலர் கூஃபி அரபு எழுத்தில், சிலர் பஹ்லவியில், சிலர் ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்தில். முஸ்லிம், மஜூஸி, யூதர் என மூவகை வணிகரும் ஒரே ஆவணத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்குச் சாட்சி நிற்கின்றனர். அச்செப்பேடு குறிப்பிடும் 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகக் குழுவின் பெயர் பிற்காலத்தில் தமிழகத்து முஸ்லிம்களோடு இணைந்து, தெருப் பெயராகி, தோப்பில் முஹம்மது மீரானின் நாவல் தலைப்பு வரை வந்துள்ளதை வாசகர் அறிவர்.

இனி, இக்கப்பலைச் சூழ்ந்த வழக்கைக் கூற வேண்டும். மீட்பு நிறுவனத்தின் நோக்கம் வணிகம். பணி சில மாதங்களில் முடிக்கப்பட்டது. பருவக்காற்றால் வேலை நின்ற இடைவெளியில் கொள்ளையரும் புகுந்தனர். தொல்லியலில், ஒரு கிண்ணத்தைவிட அக்கிண்ணம் எதன்மீது, எதற்கருகே, எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பது முக்கியம். அவசரத்தில் அழிவது அதுவே. நாம் மேலே மர்மம் என்று கூறியவற்றுள் சில, நிதானமாக அகழ்ந்திருந்தால் மர்மமாகவே இருந்திரா. 2001இல் யுனெஸ்கோ உருவாக்கிய நீரடிப் பண்பாட்டு மரபு உடன்படிக்கை இத்தகைய வணிக மீட்பைத் தடுக்கவே எழுந்தது. ஆனால் பெலித்துங்கில் பணி முடிந்து இரண்டாண்டுகள் கழிந்திருந்தன.

மறுபக்கத்து வாதமும் வலுவுடையது. 1998, இந்தோனேசியாவில் சுகார்த்தோவின் ஆட்சி கவிழ்ந்து குழப்பம் நிலவிய ஆண்டு. அரசிடம் பணமும் இல்லை, வல்லுநரும் குறைவு. அந்நிறுவனம் எடுக்காவிட்டால், அத்தனையும் துண்டு துண்டாகப் பழம்பொருள் சந்தையில் சிதறியிருக்கும் என்று ஃப்ளெக்கர் வாதிட்டார். மேலும், மீட்டவர்கள் சரக்கைத் தனித்தனியே ஏலம் விடவில்லை. நியூசிலாந்தில் ஆண்டுக்கணக்கில் உப்பகற்றிப் பதப்படுத்தி, 2005இல் சிங்கப்பூருக்கு மொத்தமாக 3.2 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றனர். 2011இல் சிங்கப்பூரில் நடந்த கண்காட்சியைத் தொடர்ந்து, அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் செல்வதாக இருந்தது. அமெரிக்கத் தொல்லியலாளர்களின் கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 2015 முதல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இச்சரக்குக்குத் தனிக்கூடம் உண்டு; 2017இல் நியூயார்க்கின் ஆசியா சொசைட்டி அதன் ஒரு பகுதியைக் காட்சிக்கு வைத்தது.

எதிர்ப்பாளர்களின் கொள்கை சரியானது என்றே நாம் கருதுகிறோம். கொள்ளைக்கு விலையிருந்தால் கொள்ளை பெருகும். ஆயினும், எடுத்துவிட்ட பொருளைக் காட்டாமல் பூட்டிவைப்பதால் அழிந்த சான்று மீளாது. மீனவரின் தரப்பை இவ்விவாதத்தில் எவரும் அதிகம் பேசக் காணோம். கண்டெடுத்தவர்கள் அவர்கள், அவர்களுடைய தீவிலிருந்து கிண்ணங்கள் அனைத்தும் ஏறத்தாழப் போய்விட்டன.

கப்பலின் வடிவம் மட்டும் மீண்டும் கடலைக் கண்டது. ஓமன் அரசின் ஆதரவில், மஸ்கத் அருகே கன்தப் கடற்கரையில், பெலித்துங் கலத்தின் அளவுகளைக் கொண்டு 'மஸ்கத்தின் மாணிக்கம்' என்னும் கப்பல் தைக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் புறப்பட்ட அது, கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலையில் சிங்கப்பூரை அடைந்து, அந்நாட்டுக்கு ஓமனின் அன்பளிப்பாயிற்று. மின்னணுக் கருவிகள் துணைக்கு இருந்தபோதிலும், பழைய முறையில் விண்மீனின் உயரத்தைக் 'கமால்' பலகையால் அளந்தும் மாலுமிகள் பார்த்தனர்.

பெலித்துங்குக்குத் துணையாக இன்னொன்றும் இன்று உண்டு. 2013 செப்டம்பரில், தாய்லாந்தின் சமுத் சாகோன் மாநிலத்தில், இறால் பண்ணை ஒன்றைத் தோண்டியபோது மரங்கள் தட்டுப்பட்டன. கடற்கரை இப்போது அங்கிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அன்றோ அது அலையாத்திக் காடுகள் சூழ்ந்த சேற்றுக் கரை. நிலத்தின் உரிமையாளர்கள் பெயரால் 'பனோம்–சுரின்' எனப்படும் இக்கலமும் தைத்த கப்பலே. காலமும் ஏறத்தாழ அதுவே. அளவில் பெலித்துங்கைவிடப் பெரியது. இங்கே சரக்கு மிகக் குறைவு. கரை ஒதுங்கிய பின் ஏற்றியிருந்ததை எடுத்துக்கொண்டு, கலத்தை அங்கேயே விட்டுச் சென்றிருக்கலாம். எஞ்சியவற்றுள் சீனப் பாண்டங்களும் பாக்குக் கொட்டைகளும் தந்தமும் உண்டு. அடிப்பாகம் கூர்ந்த, உட்புறம் கீல் பூசிய வளைகுடா நாட்டுச் சாடிகளும் கிடைத்தன. அச்சாடிகளுள் ஒன்றில் பஹ்லவி எழுத்தில் ஒரு பெயர் பொறித்திருக்கிறது; கொல்லத்துச் செப்பேட்டில் சாட்சியிட்டவர்கள் எழுதிய அதே எழுத்து.

இங்கே அகழ்ந்தது தாய்லாந்து அரசின் நுண்கலைத் துறை. விற்பதற்கு எதுவும் இல்லாததால் விரைவதற்கும் காரணமில்லை. ஆயிரம் ஆண்டுகள் சேற்றில் ஊறிய மரம் காற்றில் உலர்ந்தால் வெடித்துச் சிதறும் என்பதால், பலகைகளை ஈரத்திலேயே வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அவ்வாறு சேற்றை மெல்ல வழித்தபோது, சில பொருத்துகளில் நார்த்திரியும் அதன்மீது ஓடிய கயிறும் தைத்தவர் விட்டுச் சென்ற நிலையிலேயே இருக்கக் கண்டனர்.